ஏழாம் கட்டத்து நத்தைகள்

பாப்பா, திங்கட்கிழமை நீ பன்னிரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ரயிலேறப் போகிறாய். மூன்று வாரம் மலைக்காட்டில் இருக்கப் போகிறாய். உன்னிடம் நேரிலேயே பேசிவிடலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ துணியை மடித்துக்கொண்டே "உம், உம்" என்பாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, போர்வை எடுத்தாயா, காய்ச்சல் மாத்திரை எடுத்தாயா என்று கேட்டு முடித்துவிடுவேன். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள். இன்றைக்கு அவளுக்குக் கம்பெனியில் ஷிப்ட் இல்லை. "நீங்க பேசுற மாதிரியே எழுதுனா படிக்கறவங்க பேஜாராயிடுவாங்க மாமா. நான் புஸ்தகத் தமிழ்ல போட்டுக்கறேன்" என்கிறாள். எப்படியாவது போடட்டும். எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டும்போது நான் பேசினது மாதிரி இருந்தால் போதும்.

இதை நீ மட்டும் படிக்க வேண்டாம். ரயில் கிளம்பினதும் பன்னிரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டு. நான் தப்பு செய்தது அவர்கள் எல்லார் எதிரிலும். அப்போது சேற்றில் நின்றுகொண்டு ஒரே ஒரு வரி சொன்னேன். மீதியை இப்போது சொல்கிறேன்.

நீ பாடம் சொல்லிக் கொடுக்கிற கல்லூரிக்கு வெளியிலிருந்து யாராவது வந்தால், அது கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்க வருகிறவர்களாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப் போய், அங்கே செடியும் பூச்சியும் தவளையும் எப்படி ஒன்றை நம்பி ஒன்று இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வைக்கப் போகிறேன் என்று நீ வந்து சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கும் ஒரு காலத்தில் கம்பெனி வேலைக்குச் சொல்லி வைத்தவன் நான். வாசலுக்கே வேன் வரும், போ என்றேன். நீ போகவில்லை. ஒரு மாதம் உன்னோடு நான் பேசவில்லை. அந்த வேனை இப்போது பார்த்தாலும் எனக்கு அந்த ஒரு மாதம்தான் ஞாபகம் வருகிறது.

நீ அவர்களைத் தயார் செய்ததை ஒரு கல்யாண வேலை மாதிரி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பையில் கல்லைப் போட்டு முதுகில் மாட்டிக் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வரைக்கும் நடக்க வைத்தாய். கல்லூரி மரத்தடியில் அரை மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார வைத்து, கண்ணில் பட்டதை எல்லாம் எழுதச் சொன்னாய். நோட்டைக் குழாயடியில் நனைத்துக் காட்டி, பேனாவில் எழுதினவர்கள் நோட்டு நீலத் தண்ணீராய்ப் போனதும் எல்லார் கையிலும் பென்சிலைக் கொடுத்தாய். அட்டை கடித்தால் என்ன செய்வது, பாம்பைப் பார்த்தால் என்ன செய்யக் கூடாது, வழி தவறினால் எங்கே நிற்பது என்று வீட்டுக் கூடத்தில் நீ ஒத்திகை பார்த்ததெல்லாம் என் காதில் விழுந்தது. வீடு வீடாகப் போய்ப் பெற்றவர்களிடம் கையெழுத்து வாங்கினதும் நீதான். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி ரேவதி, ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் நெல் போடுகிற அவள் அப்பா உன்னைக் கேட்டதை நீ வந்து சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "காட்டுல போயி பூச்சிய எண்றதுக்கு ஒரு படிப்பாம்மா? எங்க கொல்லைல இல்லாத பூச்சியா?" என்றாராம். "அதையும் எண்ணச் சொல்லியிருக்கேங்க, லீவுல எண்ணுவா" என்றாயாம் நீ. அந்த ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றாய்.

ஆனால் நீங்கள் போய்த் தங்கப் போகிற மலைக்காட்டு ஆராய்ச்சி நிலையத்தார் சும்மா சேர்த்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் முதலில் தங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஏதாவது ஓர் உயிரை ஐந்து நாள் விடாமல் எண்ணி, அந்த நோட்டுகளை அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் சேர்ப்பதா வேண்டாமா என்று சொல்வார்கள். அதற்கு நீ நம் கரையைத் தேர்ந்தெடுத்தாய். பழவேற்காட்டு ஏரியில் எத்தனையோ கரை இருக்க, நான் படகு கட்டுகிற கரைக்கு நீ அவர்களைக் கூட்டி வருகிறாய் என்றதும் மூன்று நாள் நான் கால் தரையில் படாமல் நடந்தேன். உன் அண்ணியைக் கேள். இப்போது எழுதிக்கொண்டே தலையாட்டுகிறாள்.

முதல் நாள் நடந்தது எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. வேப்பம்பட்டிலிருந்து வருகிற தினேஷ் வெள்ளை ஷூ போட்டு வந்தான். நான்காவது அடியில் ஒரு ஷூ சேற்றோடு போய்விட்டது. "தாத்தா, உங்க ஏரி என் ஷூவ முழுங்கிடுச்சி" என்றான். "அதுக்கும் நாஷ்டா வேணாமாடா" என்றேன். நீ கயிற்றால் சேற்றில் பன்னிரண்டு கட்டம் போட்டாய். நாலு மூலையிலும் மூங்கில் குச்சி. யாருக்கு எந்தக் கட்டம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டாய். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது, ஏனென்றால் அது நம் வழக்கம். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று நாமும் அப்படித்தான் முறை வைத்துக்கொள்கிறோம், அதைப் பாடு என்கிறோம். கல்லூரியில் படித்ததைக் கொண்டு வந்து செய்கிறாள் என்று நினைத்தேனே, நம் பாட்டையல்லவா போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கவிழ்த்தது.

ஒவ்வொரு பிள்ளையும் தன் கட்டத்தில் இருக்கிற நத்தைகளை எண்ணி எழுதி, எடுத்ததை அங்கேயே விட்டுவிட வேண்டும். ஏழாம் கட்டம் ரேவதிக்கு விழுந்தது. ஒருவனுக்கு நாற்பது, ஒருத்திக்கு ஐம்பத்திரண்டு என்று சத்தம் போடுகிறார்கள். அவள் கட்டத்தில் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. தினேஷ் அவளை "முட்ட ரேவதி" என்று கூப்பிட ஆரம்பித்தான். அவள் சிரித்தாள், ஆனால் மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் என் படகோரம் வந்து உட்கார்ந்தாள். "இன்னாம்மா?" என்றேன். "எல்லார் நோட்டும் ரொம்பிக்கினு வருது தாத்தா. என் நோட்ட பாத்தா, இது ஒண்ணுமே செய்யலன்னு நெனச்சி என்னைத் தள்ளிடுவாங்க. எங்கப்பா அப்பவே சொன்னாரு" என்றாள்.

பாப்பா, கடலிலும் ஏரியிலும் பிழைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, அது உனக்குத் தெரியும், இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒருவன் தன் பாட்டில் ஒன்றும் படாமல் வெறும் கூடையோடு கரையேறினால், பக்கத்துப் படகுக்காரன் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அவன் கூடையில் போட்டுவிட்டுப் போவான். போட்டவன் அதைப் பற்றிப் பேச மாட்டான். வாங்கினவனும் பேச மாட்டான். வீட்டிலும் சொல்வதில்லை. நானும் போட்டிருக்கிறேன், எனக்கும் விழுந்திருக்கிறது. நீ சின்னப் பிள்ளையாய் இருந்தபோது நான் போட்டதைவிட எனக்கு விழுந்ததுதான் அதிகம்.

மூன்றாம் நாள் காலையில் உங்கள் பஸ் வருவதற்கு முன்னால் ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரப் பக்கம் நான் போனேன். அங்கே நத்தை கொட்டிக் கிடக்கும். இரண்டு கை அள்ளி வேட்டி மடியில் கட்டி வந்து ஏழாம் கட்டத்தில் தூவினேன். தூவினது கூடத் தெரியாமல் சேற்றைத் தடவிவிட்டேன். மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. ரேவதி வந்து குனிந்தாள். "மேடம், முப்பத்தொண்ணு" என்று அவள் கத்தினபோது கரையில் நான் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு எதுவும் தெரியாதவன் மாதிரி மேகத்தைப் பார்த்தேன்.

நீ நடந்து வந்தாய். குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய். ஒரு நத்தையை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாய். இன்னொன்றை எடுத்தாய். பக்கத்துக் கட்டத்தில் ஒன்றை எடுத்து இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாய். அப்போதே என் பீடி கசந்துவிட்டது. "இது இங்க இருக்கற நத்த இல்ல. இங்கத்தது கருப்பா பாசி புடிச்சி இருக்கும். இது மணல்ல தேஞ்சி வெள்ளையா இருக்குது பாரு. முகத்துவாரத்துது" என்றாய். அப்புறம் தலையைத் தூக்காமலேயே கேட்டாய். "நைனா, காலைல இந்தப் பக்கம் வந்தியா?"

"இல்லியே" என்றேன்.

"இன்னிக்கு ஏழாம் கட்டத்து எண்ணிக்கைய எடுத்துக்க முடியாது" என்று மட்டும் பிள்ளைகளிடம் சொன்னாய். அப்போதுதான் நான் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. பதினோரு பிள்ளைகளும் ரேவதியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் என்ன நடக்கிறது என்று புரிந்து முகம் வெளுத்து, "நான் போடல மேடம். சத்தியமா நான் எதையும் போடல" என்றாள். நீ என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். சேற்றைப் பார்த்துக்கொண்டு நீ காத்திருந்தாய். உன் அப்பனே வரட்டும் என்று காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

நான் சேற்றில் இறங்கி நடந்தேன். அறுபது வருஷமாக நடக்கிற சேறு, அன்றைக்கு முழங்கால் வரைக்கும் இழுத்தது. "அந்தப் பொண்ணு போடல. நான்தான் போட்டேன்" என்றேன். கடைசியில் தினேஷ்தான், "ரேவதிக்கு மட்டுமா தாத்தா? என் கட்டத்துலயும் ரெண்டு கை போட்டிருந்தா நான் ஃபர்ஸ்ட்டு வந்திருப்பேன்ல" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். ரேவதியும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். டேய் தினேஷ், இதைக் கேட்டுக்கொண்டிருப்பாய். உன் ஷூவுக்கு நான் பொறுப்பில்லை, ஆனால் அந்த ஒரு பேச்சுக்கு உனக்கு ஒரு கூடை நண்டு தர வேண்டியிருக்கிறது.

பாப்பா, நீ கட்டைவிரலால் அந்த நத்தையைத் தேய்த்தபோது எனக்கு வேறொரு நாள் கண்ணில் வந்தது. உனக்கு எட்டு வயது. கூடை தூக்கக் கரைக்கு வந்தாய். அன்றைக்கு எனக்குப் பாட்டில் ஒன்றுமில்லை. பக்கத்துப் படகுக்காரர் கொஞ்சம் பொடி மடவை மீனைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். நீ கூடையைப் பார்த்தாய், வலையைப் பார்த்தாய். "நைனா, இது நண்டு வலைதான? மடவ எப்டி மாட்டுச்சி?" என்றாய். வலைக் கண்ணுக்குள் உன் கை முட்டியை விட்டுக் காட்டினாய். "என் கையே உள்ள பூந்துக்கினு போவுது. மடவ நிக்குமா?" அந்த மனுஷர் அங்கேயே நின்றிருந்தார். முறை பார்க்கிற பெரியவர்கள் நின்றிருந்தார்கள். நான் உன்னை அடித்தேன். கன்னத்தில். நீ அழவில்லை. ராத்திரி அந்தக் குழம்பையும் நீ தொடவில்லை. பொய் சொன்னதற்கு நான் உன்னை அடித்ததே இல்லை. உள்ளதைப் பார்த்துச் சொன்னதற்கு ஒரு தடவை அடித்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது உன் பிள்ளைகள் எதிரில் சொல்கிறேன். அன்றைக்கு நீ பார்த்தது சரி. நான் செய்தது தப்பு. எந்தக் கண்ணை நான் அடித்தேனோ அந்தக் கண்ணை வைத்துத்தான் நீ பன்னிரண்டு பேருக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறாய் என்பதை நினைத்தால், ஏரிக்கரையில் எனக்கு நிமிர்ந்து நடக்கத் தோன்றுகிறது.

அன்றைக்குச் சாயந்திரம் நான் உன்னிடம் கெஞ்சினேன். "பென்சில்லதான எழுதிக்கினு இருக்குது. அந்த ஒரு நாள அழிச்சிடேன். வெளியூருக்காரங்களுக்கு இதெல்லாம் இன்னாத்துக்குத் தெரியணும்? பன்னெண்டு புள்ளைங்க பொழப்பு நைனாவால கெட்டுப் போவணுமா?" என்றேன். நீ அந்த முப்பத்தொன்றின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாய், கீழே இருக்கிறது தெரிகிற மாதிரி. பக்கத்தில் ரேவதியையே எழுத வைத்தாய்: இன்றைய நத்தைகள் வேறு இடத்திலிருந்து கொண்டு வந்து போடப்பட்டவை, போட்டவர் ஒப்புக்கொண்டார். அப்புறம் என்னிடம் சொன்னாய். "பென்சில்ல எழுதச் சொன்னது அழிக்கறதுக்கு இல்ல நைனா. மழைல கரையாம இருக்கறதுக்கு."

அதைவிடப் பெரியது நாலாம் நாள் வந்தது. நான் போட்ட நத்தைகளைப் பொறுக்கி முகத்துவாரத்திலேயே கொண்டு போய் விட்டிருந்தேன். ரேவதி தன் வெறும் கட்டத்தில் மறுபடி உட்கார்ந்தாள். மற்ற பிள்ளைகளுக்கு எண்ணவே நேரம் போதவில்லை. இவளுக்கு எண்ண ஒன்றுமில்லாததால் தோண்டினாள், முகர்ந்தாள். கையால் கிளறின இடத்தில் தண்ணீர் ஊறி, அதன் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஏதோ படர்ந்தது. "தாத்தா, இந்த எடத்துல யாரு படகு நிறுத்துவாங்க?" என்று கரையைப் பார்த்துக் கேட்டாள். ஒரு நாள் முன்னால் என்றால் தெரியாது என்றிருப்பேன். "நான்தாம்மா. எஞ்சினு பழைய ஆயில அங்கதான் கொட்டுவேன், ரொம்ப வருசமா" என்றேன். அவள் உடனே எழுதப் போனாள். நீ தடுத்தாய். "ஆயில்தான் காரணம்னு எழுதாத. ஆயில் வாசன இருந்துச்சி, படகு நிறுத்துற எடம், அத மட்டும் எழுது. ஒரு கட்டத்த வச்சிக்கினு காரணம் சொல்ல முடியாது." என்மேல் பழி போட வேண்டாம் என்று நீ அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாததைத் தெரியும் என்று நீ எழுத மாட்டாய், அவ்வளவுதான். ஆனால் எனக்குத் தெரிந்தது எனக்கு. அந்தப் பெண்ணின் வெறும் கட்டத்தைப் பார்த்துப் பாவம் என்று இரண்டு கை போட்டேனே, அதை வெறுமையாக்கினதும் என் கைதான் போலிருக்கிறது.

நோட்டுகள் போய்ச் சேர்ந்த பிறகு பதில் வரும்வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கல்லூரியில் உன்னை என்ன சொல்வார்களோ, அந்தக் கோடு இழுத்த ஒரு வரியால் எல்லாம் போய்விடுமோ என்று கிடந்தேன். ஒரு மத்தியானம் அங்கிருந்து போன் வந்தது. ஏழாம் கட்டத்தை எண்ணின மாணவி யார், அவளிடம் பேச வேண்டும் என்றார்களாம். ரேவதி வெகுநேரம் பேசினாளாம். ஐந்து நாளில் நாலு நாள் பூஜ்யம் எழுதி, ஒரு நாளைக் கோடு இழுத்து வைத்திருந்த அந்த நோட்டைத்தான் அவர்கள் அதிகமாகப் படித்தார்கள் என்று நீ வந்து சொன்னாய். பன்னிரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஊத்துக்கோட்டையிலிருந்து அவள் அப்பா எனக்கு போன் போட்டு, "இன்னா பெரியவரே, என் பொண்ணு ஒண்ணுமே எண்ணாம பாஸாயிட்டாளாமே" என்றார். "எண்ணிட்டுத்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்குது" என்றேன். நானும் அந்த அளவுக்குக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

உனக்கு ஒன்றே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. காட்டில் உங்களுக்கு வழிகாட்ட வருகிறவர்களும் என்னைப் போன்ற ஆட்களாகத்தான் இருப்பார்கள். தூரத்திலிருந்து வந்த பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்களே என்று, நேற்றுப் பார்க்காததைப் பார்த்தேன் என்பார்கள், இல்லாத இடத்தில் இருக்கிறது என்பார்கள். அவர்களிடம் கோபித்துக்கொள்ளாதே. எல்லார் எதிரிலும் கேட்டு மடக்காதே. அன்றைக்குச் சேற்றைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாயே, அப்படிக் காத்திரு. தானாக வருவார்கள்.

இப்போதெல்லாம் பழைய ஆயிலைக் கேனில் பிடித்து வைக்கிறேன். கேனைப் பார்த்து உன் அண்ணன் கேட்டதற்கு, ஆராய்ச்சி நடக்கிறது என்றேன். படகையும் தள்ளிக் கட்டுகிறேன். ஏழாம் கட்டத்தின் குச்சிகளை நான் பிடுங்கவில்லை. நீ யாரையும் பார்க்கச் சொல்லவில்லை, ஆனாலும் தினமும் காலையில் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருகிறேன். நீங்கள் திரும்பி வரும்வரைக்கும் பார்ப்பேன். ஒன்று வந்தாலும் ஒன்று என்றுதான் சொல்வேன். முகத்துவாரப் பக்கம் போகும்போது, பாப்பா, மறைக்காமல் சொல்கிறேன், கை அரிக்கிறது. வேட்டி மடியைக் கட்டாமல் நடந்து வந்துவிடுகிறேன்.

இன்றைக்கும் பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். எண்ணிக்கையை எழுத உன் அண்ணி பென்சிலை எடுத்தாள். இதை நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். எனக்குக் கையெழுத்து வராது, பெயர் போடத் தெரியாது, எங்கேயும் ரேகைதான் வைத்திருக்கிறேன். ஆனால் இந்த ஒன்றை என்னால் போட முடியும். கீழே கொஞ்சம் கோணலாக இருக்கிற வட்டம் நான் போட்டது. ரேவதியிடம் காட்டு.

0